சொந்தக் காரணங்களால்

அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்தது நான்தான். 2021 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். கொட்டகையில் அம்மா பால் கறந்துகொண்டிருந்தாள், நான் கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போன் வந்தது. என் கல்லூரி அறைத்தோழி.

"உனக்குத்தான் இங்கிலீஷ் வந்துடுச்சே. ஒரு லெட்டர் எழுதி அனுப்புடி. நான் படிப்ப விட்டுடறன். சர்ட்டிபிகேட்ட திருப்பிக் கேக்கணும்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அன்றிரவு ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சொந்தக் காரணங்களால் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பைத் தொடர இயலவில்லை, என் அசல் சான்றிதழ்களைத் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்கு. அவள் அதைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டு, கல்லூரி கேட்ட தொகையைக் கடன் வாங்கிக் கட்டி, சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு போனாள். கல்லூரிப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே என் வார்த்தைகள்தான் இருக்கும்.

எங்கள் ஊர் திருநாவலூர். சுந்தரர் பிறந்த ஊர். சுந்தரர் கதை தெரியாத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. புத்தூரில் கல்யாணப் பந்தல் போட்டாயிற்று, மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தாயிற்று. ஒரு கிழவர் ஓலையோடு வருகிறார். உன் பாட்டன் எழுதிக் கொடுத்தது, நீ எனக்கு அடிமை என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது, ஓலை ஜெயிக்கிறது, கல்யாணம் நின்றுபோகிறது. அந்த ஊருக்கே மணம் தவிர்ந்த புத்தூர் என்று பெயர். சின்ன வயதில் ஆடி சுவாதி விழாவில் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரே சந்தேகம்தான் வரும். மணையில் உட்கார வேண்டிய அந்தப் பெண் என்ன ஆனாள்? அவளைப் பற்றிப் புராணம் சொல்வது கொஞ்சம். அவளுக்கு ஊர் வைத்த பெயரும் இல்லை, சடங்கவியார் மகள், அவ்வளவுதான். ஓலையில் இல்லாதவர்கள் வழக்கிலும் இல்லை.

நாங்கள் கல்லூரியில் சேர்ந்தது 2018இல். 2017இலிருந்து எம்.பி.பி.எஸ். படிப்புக்கு நீட் வந்துவிட்டது. கால்நடை மருத்துவத்துக்கு மட்டும் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும், அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்கள் தவிர. டாக்டராக வேண்டும் என்று படித்த கிராமத்துப் பெண்கள் பலர் இந்தப் பக்கம் திரும்பினோம். என் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள்தான். தரவரிசைப் பட்டியல் வெளியாகும் நாளில் முதலிடம் பிடித்த மாணவி என்று பத்திரிகைகளில் படம் வரும். எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதற்கு ஒரு நாள் உண்டு. எத்தனை பேர் நடுவில் வெளியே போனார்கள் என்பதற்கு அப்படி ஒரு நாள் கிடையாது.

என்னைப் பொறுத்தவரை நீட் மட்டுமே காரணமில்லை. எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு கறவை மாடுகள். 2011இல் அரசு விலையில்லா ஆடு கொடுக்க ஆரம்பித்தபோது அம்மா பெயரில் நான்கு ஆடுகள் வந்தன. அம்மா பெயரில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் சொத்து அதுதான். மாட்டுக்குக் கரும்புத் தோகை வெட்டிப் போடுவது, சாணி அள்ளுவது, கழுநீர் காட்டுவது, கறப்பது எல்லாம் அம்மா. பால் சொசைட்டி அட்டை அப்பா பெயரில். மாட்டுக்கு உடம்பு முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போவதும் டாக்டரிடம் பேசுவதும் அப்பா. "எத்தன நாளா தீனி எடுக்கல?" என்று டாக்டர் கேட்டால் அப்பா திரும்பி அம்மாவைப் பார்ப்பார். அம்மா அப்பாவிடம் சொல்வாள். அப்பா டாக்டரிடம் சொல்வார். மூன்று அடி தூரத்தில் நின்றுகொண்டுதான் இவ்வளவும். இந்தச் சுற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் மாட்டு டாக்டர் ஆக வேண்டும் என்று நினைத்தேன்.

என் அறைத்தோழி கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே ஒரு ஊர். அவள் பெயரை எழுதப் போவதில்லை. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான ஒதுக்கீடு 1 சதவீதம். நூறு இடமிருந்தால் ஒன்று. அந்த ஒன்றுதான் அவள். அந்த மலை 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. ஜாகிர்தார் நிலத்தில் கூலி இல்லாமல் உழுத கதையை அவள் ஆயா சொல்வாராம். அந்த ஆயாவின் பேத்தி சாதிச் சான்றிதழுக்காகப் பத்தாவதிலிருந்து அலைந்து, கலந்தாய்வுக்கு நான்கு நாள் முன்னால் அது கைக்கு வந்து, கீழே இறங்கி வந்திருந்தாள். ஒரு தகரப்பெட்டி, ஒரு போர்வை, ஒரு பாட்டில் தேன்.

படிப்பு ஐந்தரை ஆண்டு. நாலரை ஆண்டு வகுப்பு, ஓராண்டு பயிற்சி. முதல் வருடம் உடற்கூறியல், உடலியங்கியல், கால்நடைப் பராமரிப்பு. பராமரிப்பு வகுப்பில் நாங்கள் இருவரும்தான் ராணிகள். நகரத்துப் பிள்ளைகள் மாட்டின் பின்னால் நின்று உதை வாங்கும்போது இவள் பக்கவாட்டில் போய்த் திமிலைத் தடவிக்கொண்டே மூக்கணாங்கயிற்றைப் பிடித்துவிடுவாள். உடற்கூறியல் கூடத்தில் நிலைமை தலைகீழ். ஃபார்மலின் நெடியில் கண் எரியும். மேசையில் பதப்படுத்திய கன்று. ஒவ்வொரு எலும்பிலும் உள்ள மேடு, பள்ளம், துளை எல்லாவற்றுக்கும் லத்தீன் பெயர். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவளுக்கு ஆங்கிலமே இரண்டாவது மொழி. லத்தீன் மூன்றாவது. சப்பை எலும்பைக் கையில் கொடுத்தால் அது இடது காலா வலது காலா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள், தொட்டே சொல்வாள். பெயர் மட்டும் வாயில் வராது.

முதன்முறை கன்றின் தோலை உரிக்கச் சொன்னபோது எல்லோரும் பின்வாங்கினோம். எங்கள் ஊரில் செத்த மாட்டை யார் தூக்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்து வைத்திருக்கிறது. படிப்பு என்று வந்த பிறகும் எங்கள் கைகளுக்கு அது நினைவிருந்தது. அவள் கத்தியை எடுத்தாள். பின்னாலிருந்து ஒருவன் சொன்னான், "அவங்களுக்கென்ன, பழக்கம்தான". சிரிப்பு. நானும் சிரித்தேன். அவள் உரித்த தோலில் ஒரு கீறல்கூட விழவில்லை. அன்றைக்கு அதற்கு மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் தோலுக்கு அடியில் இருந்த தசையின் பெயருக்கு.

வாய்மொழித் தேர்வு எனக்கும் சறுக்கியது. சுண்ணாம்புச் சத்து பற்றிக் கேட்டார் தேர்வாளர். கன்று போட்ட மாட்டுக்கு வரும் பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சுடாது. பால் சுரக்கச் சுரக்க ரத்தத்திலிருந்த கால்சியம் மடிக்குப் போய்விடும். எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டப் பாராதைராய்டு சுரப்பி வேலையைத் தொடங்கினாலும் உடம்பு ஈடுகொடுக்க ஓரிரு நாள் ஆகும், அதற்குள் மாடு தள்ளாடி விழுந்துவிடும். எனக்குத் தெரிந்ததைத் தமிழில் ஆரம்பித்தேன். கன்னு போட்ட மறுநாள் மாடு படுத்துக்கும் சார், தலையை விலாப்பக்கம் திருப்பி வச்சுக்கும், காத தொட்டா சில்லுனு இருக்கும். "இன் இங்கிலீஷ்" என்றார். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அம்மா இந்த நோயை என் பத்து வயதில் எனக்குக் காட்டியிருக்கிறாள், காதைத் தொடச் சொல்லி. அம்மாவுக்குத் தெரிந்தது அந்த மேசையில் செல்லவில்லை.

நான் ஒட்டிக்கொண்டு தேறினேன். அவள் உடலியங்கியலில் தவறினாள். மறுதேர்வு எழுதித்தான் இரண்டாம் வருடம் வந்தாள்.

எங்களைக் காப்பாற்றியது ஒரு நோட்டு. மூன்று வருடம் சீனியரான அக்கா ஒருத்தர், தருமபுரிப் பக்கம், அவரும் தமிழ் வழி. முதல் வருடம் முழுக்க ஒரு நீளமான கணக்கு நோட்டில் இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழில் அர்த்தம், அடியில் படம் என்று எழுதி வைத்திருந்தார். சில இடங்களில் அர்த்தம்கூட இல்லை, 'ஆட்டுக்கறிக் கடையில் நெஞ்செலும்புன்னு கேட்டு வாங்குவோமே அது' என்று இருக்கும். அந்த நோட்டு அவருக்கு முன்னால் யாரிடமோ தொடங்கியது. மூன்று விதமான கையெழுத்து இருந்தது. எனக்குக் கொடுத்தார். நான் அதைத் தேர்வு வரை தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அறைத்தோழிக்குக் கொடுத்தது மறுதேர்வின்போதுதான். ஏன் அப்படிச் செய்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கெட்ட எண்ணம் இல்லை. வழுக்கிக்கொண்டிருப்பவள் கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வாள், பக்கத்தில் இருப்பவளைப் பார்க்க மாட்டாள்.

2019 நவம்பர் 26 அன்று எங்கள் பகுதி விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆனது. விடுதியில் நாங்கள் இருவரும் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தோம், இனி நாம் ஒரே மாவட்டம் என்று. அடுத்த நாள் இரவு ஹைதராபாத் அருகே ஷம்ஷாபாத்தில் ஒரு இளம் பெண் கால்நடை மருத்துவர் கொல்லப்பட்டார். சுங்கச்சாவடி பக்கத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் போயிருந்தார், டயரைப் பஞ்சராக்கிக் காத்திருந்தார்கள். அந்த வாரம் முழுக்க விடுதியில் போன் ஓயவில்லை. எல்லார் வீட்டிலிருந்தும் ஒரே கேள்வி. இந்த வேலைக்கு ராத்திரியில் வண்டி எடுத்துக்கொண்டு காட்டுக்கும் மேட்டுக்கும் போக வேண்டுமா? போகத்தான் வேண்டும். மாடு நேரம் பார்த்தா நோவில் விழுகிறது? என் அப்பா நேரிலேயே வந்துவிட்டார், பையை எடுத்துக் கட்டு என்று. அம்மா போனில் அப்பாவிடம் பேசியது எனக்கும் கேட்டது. "அவள கூட்டினு வந்தா நான் மாட்ட வித்துடுவன். பாரு." அப்பா ஒரு டீ குடித்துவிட்டு பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகு எங்கள் பாதுகாப்புக்காக என்று சொல்லி விதிகள் வந்தன. மாலை ஆறு மணிக்கு மேல் பெண்கள் விடுதியை விட்டு வெளியே போகக் கூடாது. அதுவரை இரவில் மாட்டுப் பிரிவுக்குக் கேஸ் வந்தால் விருப்பமுள்ளவர்கள் போய்ப் பார்க்கலாம். இனி ஆண்கள் மட்டும். கன்று குறுக்கே திரும்பிச் சிக்கிக்கொண்டது, அடி தள்ளியது, நஞ்சு போடாதது எல்லாம் பெரும்பாலும் இரவில்தான் வண்டியில் ஏறி வரும். ஒரு பையன் பட்டம் வாங்கும்போது எத்தனை கன்றை இழுத்திருப்பான், ஒரு பெண் எத்தனை கன்றை இழுத்திருப்பாள் என்று எண்ணிப் பார்த்தால் தெரியும். பிறகு "பொண்ணுங்களுக்கு மாட்டு கேஸ் வராது, நாய் பூனை பாக்கட்டும்" என்பார்கள்.

வெளியூர்ப் பண்ணைகளுக்கு நடைமுறை வகுப்புக்குப் போனால் கழிவறை இருக்காது. காலை ஏழு மணியிலிருந்து பகல் இரண்டு மணி வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பது எங்களுக்கு ஒரு பாடம் மாதிரி ஆகிவிட்டது. மாதவிலக்கு நாட்களில் சிலர் வகுப்பையே விட்டுவிடுவார்கள். 75 சதவீத வருகை வேண்டும். எங்கள் தெருவில் சில வீடுகளில் அந்த நாட்களில் பெண்கள் கொட்டகைப் பக்கமே போகக் கூடாது, பால் வற்றிவிடும் என்பார்கள். நான் அந்த நாட்களிலும் முழங்கைக்கு மேல் உறை போட்டுக்கொண்டு மாட்டுக்குச் சினை பார்த்திருக்கிறேன். பால் வற்றவில்லை.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கல்லூரியை மூடினார்கள். பத்து நாள் என்று நினைத்துப் பாதித் துணிகளை விடுதியிலேயே விட்டுவிட்டு வந்தோம். வகுப்புகள் போனுக்குள் வந்தன. திருநாவலூரில் எனக்கு மொட்டை மாடிக்குப் போனால் சிக்னல் கிடைக்கும். அவள் ஊரில் அரை மணி நேரம் நடந்து ஒரு பாறைமேல் ஏற வேண்டும், அங்கேயும் மழை வந்தால் போய்விடும். வீட்டில் இருந்த ஒரே தொடுதிரை போன் அண்ணனுடையது, அண்ணன் வேலைக்குப் போனால் போனும் போகும். கல்வி உதவித்தொகை வரவில்லை. மரவள்ளி விலை போகவில்லை. ஆகஸ்டில் பேசியபோது, "நீ சொல்றது நடுவுல நடுவுல தான் கேக்குது" என்றாள். நான் வகுப்பைப் பதிவு செய்து அனுப்புகிறேன் என்றேன். நான்கைந்து அனுப்பியிருப்பேன். அவளுக்கு அது இறங்கியதா என்று கேட்கவில்லை. டிசம்பரில் கல்லூரி மறுபடி திறந்தபோது என் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோதுதான் அந்தப் போன்.

இதில் எது சொந்தக் காரணம்?

பிரிட்டனில் ஏலீன் கஸ்ட் என்று ஒரு பெண் இருந்தார். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்தார். குடும்பத்துக்கு அவமானம் வரக் கூடாது என்று கல்லூரியில் வேறு பெயரில் பதிந்துகொண்டு படித்தார். 1900இல் படிப்பை முடித்தும், பெண் என்பதால் பட்டத்துக்கான தேர்வை எழுத விடவில்லை. அயர்லாந்தில் குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் வைத்தியம் பார்த்தபடியே காத்திருந்து, 1919இல் சட்டம் மாறி, 1922இல்தான் அங்கீகாரம் பெற்றார். அவரைத் தடுத்த கதவு கண்ணுக்குத் தெரிந்தது, அதில் 'பெண்களுக்கு இல்லை' என்று எழுதியிருந்தது. எங்கள் வகுப்பின் கதவு அகலத் திறந்துதான் இருந்தது. உள்ளே வந்தவளை யாரும் வெளியே போ என்று சொல்லவுமில்லை.

எங்களுக்குப் பிறகு சில நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கால்நடை மருத்துவத்துக்கும் வந்தது, அப்படிச் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்தது, மாதம் 1,000 ரூபாய். அது யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே தலைவாசலில் 2021இல் புதிதாகக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் திறந்தார்கள், கல்லூரியும் அங்கேயே. கல்வராயன் மலையிலிருந்து கீழே இறங்கினால் அதிக தூரமில்லை. அவள் சான்றிதழை வாங்கிய அதே வருடம். பணம் உள்ளே வர உதவும், சந்தேகமில்லை. தமிழில் பதில் சொன்னால் கேட்டுக்கொள்ளும் தேர்வாளரையோ, பண்ணையில் ஒரு கழிவறையையோ, இரவு மாட்டுப் பிரிவின் சாவியையோ எந்தத் திட்டத்திலும் நான் பார்க்கவில்லை.

நான் 2024இல் முடித்தேன். இப்போது நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி ஒன்றில் ஒப்பந்த மருத்துவர். 1962க்கு அழைத்தால் வருவோமே, அந்த வண்டி. மாட்டைப் பார்த்தபடி, "எத்தன நாளாம்மா தீனி எடுக்கல?" என்று பெண்களிடம்தான் கேட்பேன். ஆண்கள் பதில் சொல்ல வாயெடுப்பார்கள். கொஞ்சம் பொறுங்கண்ணா என்பேன்.

போன தை மாதம் ஒரு விடுமுறை நாளில் கச்சிராயபாளையத்தில் பஸ் மாறி மலைக்குப் போனேன். நான்கு வருடமாகப் போனில் மட்டும் பேசியவள் சாலைக்கு வந்து நின்றிருந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. சாமை அறுத்த தாள் காய்ந்து கிடந்த கொல்லை, அதற்கு ஓரமாகப் பட்டி, பதினோரு ஆடுகள். ஊரில் அவளை டாக்டரம்மா என்கிறார்கள், பாதி கிண்டலாகவும் பாதி நிஜமாகவும். மாடு ஈன முடியாமல் தவித்தால் இவளைத்தான் கூப்பிடுகிறார்கள். 1984 சட்டப்படி பதிவு பெற்ற மருத்துவர் தவிர வேறு யாரும் வைத்தியம் பார்க்கக் கூடாது. நான் அதைச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாயில்லை. போன மழையில் எத்தனை கன்று இழுத்தாய் என்று கேட்டேன். விரலை மடக்கி எண்ணி ஏழு என்றாள். நான் கல்லூரியில் படித்த காலம் முழுவதும் சேர்த்து நான்கு.

கூரையில் செருகியிருந்த பையை எடுத்தாள். அந்த நோட்டு. என்னிடம் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டதாகச் சொன்னாள். உண்மையில் நான் கேட்க மறந்திருந்தேன். பின்பக்கத் தாள்களில் எந்த ஆட்டுக்கு என்றைக்குக் குடற்புழு மருந்து கொடுத்தாள் என்று தேதி போட்டு எழுதியிருந்தாள். நான்காவது கையெழுத்து.

களி கிண்டிப் போட்டாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.

"அந்த லெட்டர்ல என்னாடி எழுதின? பாத்து எழுதினனே தவிர, எனக்கு சரியா புரியல அப்போ."

சொன்னேன். சொந்தக் காரணங்களால் படிப்பைத் தொடர இயலவில்லை.

"சொந்தக் காரணம்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"அந்த சிவப்பு மூட்டாடு ரெண்டு நாளா படுத்தே கெடக்குது. எம புரட்டிப் பாத்தன், வெள்ளையா இருக்குது. வா, நீயும் ஒருதரம் பாரு."

நோட்டை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் பட்டிக்குப் போனேன்.